உப்புத்தாளா, மெழுகா, விரிசலா? மலை வீட்டு மரச்சாமானுக்குப் பழைய தோற்றம் தரும் ஐந்து வழிகள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களும், பழைய பங்களாச் சாமான்களை ஏலத்தில் எடுத்தவர்களும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். மேஜைக்கோ அலமாரிக்கோ பெயிண்ட் அடித்து, அங்கங்கே தேய்ந்து உரிந்த மாதிரி பழைய தோற்றம் கொடுக்க வேண்டும். அதற்கு உப்புத்தாளால் தேய்ப்பதா, மெழுகு தடவுவதா, பசை பூசி விரிசல் விட வைப்பதா? வீடியோக்களில் பார்த்தால் எல்லாமே ஒரு மத்தியான வேலையாகத் தெரிகிறது. அதெல்லாம் காய்ந்த காற்றுள்ள ஊர்களுக்குச் சரி. ஜூலை மாதத்தில் துவைத்துப் போட்ட போர்வை நாலு நாளாகியும் கொடியில் ஈரமாகவே தொங்கும் ஊட்டியில், அதே பெயிண்ட் அதே நேரத்தில் காயாது.

அதனால் மலையில் முதலில் பார்க்க வேண்டியது ஈரத்தை. அடுத்தது, பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை. எந்தத் தோற்றம் பிடித்திருக்கிறது என்பதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஐந்து முறைகளையும் இந்த வரிசையில்தான் எடைபோட்டிருக்கிறேன்.

## முடிவு செய்யும் முன் பார்க்க வேண்டியவை

அடியில் என்ன இருக்கிறது? சாமானைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். இழுப்பறையை முழுதாக உருவி, பின்பலகையை ஓர் ஓரத்தில் லேசாகச் சுரண்டுங்கள். ஈட்டி மரமோ பழைய தேக்கோ தெரிந்தால் பெயிண்ட் டப்பாவை மூடி வைத்துவிடுங்கள். அந்த மரத்தைச் சுத்தம் செய்து பாலிஷ் போட்டாலே அது உண்மையான பழைய சாமான். அதற்கு வேஷம் தேவையில்லை. மேலும் ஈட்டியின் செந்நிறச் சாறு வெள்ளைப் பெயிண்டுக்கு மேலே கசிந்து வரும். அதன் இயற்கை எண்ணெய், எண்ணெய்ப் பெயிண்டைச் சரியாக இறுகவும் விடாது. கூடலூர்ப் பக்கத்து ஈட்டி மேஜைக்கு மேல் கிரீம் கலர் அடித்து, பிறகு ஓரம் தேய்த்துவிட்டவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். சரி, அது அவரவர் பொருள்.

பெரும்பாலும் கையில் இருப்பது வேறு மூன்று வகை: பல தடவை எனாமல் அடித்த பழைய நாட்டு மரச் சாமான், பைனிலோ சில்வர் ஓக்கிலோ செய்த புதுச் சாமான், அப்புறம் பிளைவுட் அல்லது எம்.டி.எஃப். கடைசி வகையில் ஓரத்தைத் தேய்த்தால் மரம் தெரியாது. பிளைவுட்டில் அடுக்கடுக்கான ஏடும், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் பழுப்பு நாரும்தான் தெரியும். அதில் எந்த முறை செய்தாலும் தேய்மானம் முதல் பெயிண்ட் கோட்டோடு நிற்க வேண்டும்.

பழைய பெயிண்டில் ஈயம். இதைப் பற்றி வீடியோக்காரர்கள் வாய் திறப்பதில்லை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், குறிப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறங்களில், ஈயம் தாராளமாக இருந்திருக்கலாம். ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. ஆகவே பழைய பெயிண்ட் என்றால் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உலர்ந்த உப்புத்தாள் கூடாது. சூடு காட்டி உரிப்பதும் கூடாது.

உங்கள் ஊரின் மழை. நீலகிரி முழுக்க ஒரே மழையல்ல. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை வாட்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெருமழை அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவத்தில் வரும். ஊட்டிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டிய ஜூலையில், கோத்தகிரிக்காரர் நல்ல வெயில் நாளாகப் பார்த்து வேலையை முடித்துவிடலாம். எல்லோருக்கும் தோதானது பிப்ரவரி, மார்ச். டிசம்பர், ஜனவரியில் பகல் வெயில் பளிச்சென்று இருந்தாலும் ஏமாந்துவிடக் கூடாது. உறைபனி விழும் இரவில் ஊட்டியின் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். 10 டிகிரிக்குக் கீழே போனால் தண்ணீர்ப் பெயிண்டின் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து படலமாகாமல் மாவு மாதிரி நின்றுவிடும். காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து மூன்று மணிக்குள் பிரஷைக் கழுவிவிடுவது நல்லது.

யார் தொடப் போகிறார்கள்? சுவரோரம் நிற்கும் புத்தக அலமாரியும், நாள் முழுக்க விருந்தாளிகள் இழுத்துத் தள்ளும் சாப்பாட்டு நாற்காலியும் ஒன்றல்ல. சமையலறையில் மஞ்சள், எண்ணெய். பூஜை அலமாரியில் கற்பூரப் புகை, குங்குமம். துளையுள்ள மங்கல் பெயிண்ட் இதையெல்லாம் குடித்துவிடும்.

பிடிக்காவிட்டால் மாற்ற முடியுமா? தேய்த்ததை மறுபடி பூசி மறைக்கலாம். விரிசல் விட்டதை முழுக்கச் சுரண்டி எடுத்தால்தான் உண்டு.

## உப்புத்தாளால் தேய்ப்பது

எல்லோருக்கும் முதலில் தோன்றும் முறை. அடியில் ஒரு நிறம், மேலே ஒரு நிறம். நன்றாகக் காய்ந்த பிறகு ஓரங்களைத் தேய்த்து அடி நிறத்தையோ மரத்தையோ வெளியே கொண்டுவருவது. 120 எண் தாளில் ஆரம்பித்து 220-இல் வழவழப்பாக்கினால் போதும். 80 எண் தாள் கோடு கோடாகக் கீறிவிடும். அந்தக் கீறல் பழமையாகத் தெரியாது, அவசரமாகத்தான் தெரியும்.

செலவு மிகக் குறைவு. தாள் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். எவ்வளவு தேய வேண்டும் என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கும். தேய்த்தது அதிகமாகிவிட்டால் அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் தொட்டு மறுபடி தேய்க்கலாம். இவ்வளவு கட்டுப்பாடு வேறு எந்த முறையிலும் கிடையாது.

மறைந்திருக்கும் செலவு, காத்திருப்பு. எனாமல் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்துதான் இறுகும். தொட்டால் ஒட்டாத நிலை மறுநாளே வந்துவிடும். தேய்த்தால் தூளாக உதிரும் நிலைக்கு மலைக் குளிரில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதற்கு முன் தேய்த்தால் பெயிண்ட் பிசுபிசுவென்று சுருண்டு தாளில் அடைத்துக்கொள்ளும். ஒரு மூலையில் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

இரண்டாவது செலவு தூசி. புது மரத்தில் புதுப் பெயிண்ட் என்றால் முகக்கவசம் போட்டு, வாசலில் வைத்துத் தேய்த்துவிடலாம். பழைய எனாமல் என்றால் கறுப்பு வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, சேற்றை அவ்வப்போது துணியால் துடைத்துக்கொண்டே தேய்க்க வேண்டும். அந்தத் துணியையும் கழிவுத் தண்ணீரையும் தோட்டத்தில் கொட்டாதீர்கள். நம் வீட்டுக் கழிவு சரிவில் இறங்கி அடுத்தவர் கிணற்றுக்குப் போகும் ஊர் இது.

மூன்றாவது விஷயம் புதுமரக்காரர்களுக்கு. பைன் மரத்தின் ஓரத்தைத் தேய்த்தால் உள்ளே வெளேரென்று தெரியும். எந்தப் பழைய சாமானிலும் மரம் அப்படி வெளுத்து இருக்காது. பெயிண்டுக்கு முன்பே மரத்தை ஒரு தடவை கறுக்க வைத்துவிட்டால் இந்தக் குறை தீரும். அதற்கு வேண்டியது நம் மலையிலேயே மலிவாகக் கிடைக்கிறது: டஸ்ட் டீ. நன்றாகக் கொதிக்க விட்டுக் கெட்டியான டிக்காஷன் எடுத்து, ஆறவைத்து, வெறும் மரத்தில் பிரஷால் பூசிக் காயவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை வினிகரில் ஓரிரு நாள் ஊறப்போட்டு வடிகட்டிய நீரை அதன்மேல் பூசினால், டீயிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து சில நிமிடங்களில் மரம் சாம்பல் கலந்த பழுப்பாக மாறும். கவனிக்க வேண்டியது இரண்டு. எவர்சில்வர் நார் கரையாது, சாதா இரும்பு நார்தான் வேண்டும். ஊறும் பாட்டிலை இறுக்கி மூடக் கூடாது. உள்ளே வாயு உண்டாகும். டானின் நிறைய உள்ள மரத்துக்கு டீ கூடத் தேவைப்படாது. பைனுக்குக் கட்டாயம் வேண்டும்.

எப்போது இதுவே நல்லது: புது மரம், நாற்காலி, ஸ்டூல், அடிக்கடி கை படும் எதுவும். எனாமல் இறுகிவிட்டால் அடியும் தாங்கும், துடைத்தலும் தாங்கும்.

## மெழுகு தடவி உரிப்பது

என் ஓட்டு இதற்குத்தான். குறைந்தது, பழைய எனாமல் சாமான் வைத்திருப்பவர்களுக்கு.

பெயிண்ட் மெழுகின்மேல் ஒட்டாது என்பதே இதன் சூட்சுமம். அடி நிறம் காய்ந்ததும், தேய்ந்து தெரிய வேண்டிய இடங்களில் வெள்ளை மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்க்க வேண்டும். உதிர்ந்த துகளைப் பிரஷால் தட்டிவிட்டு மேல் நிறத்தை அடிக்க வேண்டும். தொட்டால் ஒட்டாத பக்குவம் வந்ததும் பட்டித் தகட்டின் முனையால் சுரண்டினால், மெழுகு இருந்த இடம் செதில் செதிலாக உரிந்து வரும். உப்புத்தாள் தரும் வழவழ மங்கலைவிட, இந்த ஒழுங்கற்ற உரிவு உண்மையான பழைய பெயிண்டுக்கு நெருக்கமாக இருக்கும்.

மலைக்கு இது ஏன் பொருந்துகிறது? உங்கள் பழைய சாமானில் ஏற்கெனவே ஒரு நிறம் இருக்கிறது. பால், தயிர் பூனைக்கு எட்டாமல் வைக்கும் அந்தக் கால வலை அலமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை எனாமல் அடித்து வருஷக்கணக்காகியிருக்கும். அந்தப் பச்சையையே அடி நிறமாக வைத்துக்கொள்ளலாம். சோப்புத் தண்ணீரால் பிசுக்கைக் கழுவி, நனைந்த வாட்டர் பேப்பரால் பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் ஒரு தடவை உரசி, காயவிட்டு, மெழுகு தேய்த்து, மேலே புது நிறம். ஈயத் தூசியைக் கிளப்பாமலே வேலை முடிகிறது. ஈயம் இருந்தால் அது புதுப் பெயிண்டுக்கு அடியில் மூடிக்கிடக்கும். உரிந்து தெரியும் இடத்துக்கு மட்டும் மேலே ஒரு கோட் வார்னிஷ் கட்டாயம். சின்னக் குழந்தைகள் வாய் வைக்கும் தொட்டிலுக்கும் கட்டிலுக்கும் இந்தச் சலுகையும் கிடையாது. அவற்றில் பழைய பெயிண்டின்மேல் எந்த முறையும் வேண்டாம்.

குளிரில் மெழுகுவர்த்தி கல்லாகிவிடும், தேய்த்தால் பொடியாக உதிரும். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்து தேய்த்தால் படியும். கோத்தகிரிப் பக்கம் கிடைக்கும் தேன்மெழுகு கைச்சூட்டில் இன்னும் நன்றாக இளகும். கலர் மெழுகுவர்த்தி வேண்டாம், சாயம் ஒட்டும். சிலர் வாசலின் தடவச் சொல்கிறார்கள். அது எப்போதும் கொழகொழவென்றே இருந்து பக்கத்திலுள்ள நல்ல பெயிண்டுக்கு அடியிலும் பரவும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

மறைந்திருக்கும் செலவு மெழுகின் மிச்சம்தான். சுரண்டி முடித்ததும் டர்பன்டைன் தொட்ட துணியால் அந்த இடங்களைத் துடைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வார்னிஷ் அங்கே திட்டுத் திட்டாக விலகும். பின்னாளில் மறுபடி பெயிண்ட் அடிக்கும்போதும் அதே தொல்லை. இன்னொன்று: எங்கே உரியும் என்பது தெரியும், எவ்வளவு உரியும் என்பது முழுசாகக் கையில் இருக்காது. கொஞ்சமாகத் தேய்த்து ஆரம்பிப்பவருக்கே இது கைகூடும்.

எப்போது இதுவே நல்லது: பழைய எனாமல் சாமான், கதவு, ஜன்னல் சட்டம், வலை அலமாரி, டிரங்குப் பெட்டி வைக்கும் மேடை. பிளைவுட், எம்.டி.எஃப்.க்கும் இது பாதுகாப்பானது, ஏனென்றால் உரிவு அடி நிறத்தோடு நின்றுவிடும்.

## சாக் பெயிண்டும் ஈரத்துணியும்

1990-இல் இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் என்பவர் சாக் பெயிண்ட் என்ற பெயரில் கொண்டுவந்த மங்கலான, கெட்டியான தண்ணீர்ப் பெயிண்ட் இந்தத் தோற்றத்துக்கே உலகம் முழுக்க அடையாளமாகிவிட்டது. பழைய வார்னிஷின்மேலேயே ஒட்டும், பிரைமர் பெரும்பாலும் வேண்டாம் என்பது அதன் கவர்ச்சி. மலையில் எல்லாக் கடையிலும் கிடைக்காது. கோயம்புத்தூரிலிருந்தோ ஆன்லைனிலோ வரவழைக்கும்போது எனாமலைவிட விலை பல மடங்கு. வீட்டிலேயே செய்வதென்றால், மூன்று பங்கு எமல்ஷனுக்கு ஒரு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அதைக் கரைக்க ஒரு பங்கு தண்ணீர். மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே பெயிண்டில் சேர்க்க வேண்டும். சீக்கிரம் இறுகும், அதனால் ஒரு கோட்டுக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள்.

தொட்டால் ஒட்டாத நிலையில் பிழிந்த ஈரத்துணியால் ஓரங்களைத் தேய்த்தால் பெயிண்ட் கரைந்து அடி தெரியும். தூசியே கிடையாது. சமவெளி வெயிலில் இதற்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு. பெயிண்ட் சட்டென்று இறுகி, துணிக்கு மசியாது. நம் ஊரில் அது மெதுவாகவே காய்வதால் நிதானமாகத் தேய்க்கலாம். மலைக் காற்று நமக்குச் சாதகமாக வேலை செய்யும் ஒரே முறை இது.

அதே காற்று பிறகு கணக்குத் தீர்த்துக்கொள்ளும். இந்தப் பெயிண்ட் முழுதாக இறுகச் சாதாரணமாகவே மூன்று நான்கு வாரம் பிடிக்கும். மழைக்காலத்தில் இன்னும் நீளும். அதுவரை மேலே கனமான பொருள் வைத்தால் அடித்தடம் பதியும். மேல்பூச்சு இல்லாமல் விடவும் முடியாது. மெழுகுப் பூச்சு போட்டால் அழகு, ஆனால் சூடான டீ டம்ளர் வெள்ளை வளையம் போடும். தேன்மெழுகே 62, 64 டிகிரியில் உருகிவிடும். கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் அது வேலைக்காகாது.

எப்போது இதுவே நல்லது: படுக்கையறை மேஜை, கண்ணாடிச் சட்டம், புத்தக அலமாரி, வீட்டுக்குள்ளேயே வைத்துச் செய்ய வேண்டியவர்கள், தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள். சமையலறைக்கும் பூஜை அலமாரிக்கும் வேண்டாம்.

## பசை பூசி விரிசல் விட வைப்பது

அடி நிறத்தின்மேல் வெள்ளைப் பசை, அதாவது ஃபெவிகால் வகை, ஒரு கோட். அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே மேலே தண்ணீர்ப் பெயிண்ட். மேல் பெயிண்ட் வேகமாகக் காய்ந்து சுருங்க, அடியிலுள்ள பசை இளகி நகர, நடுவே விரிசல் விழும். பசை தடிப்பாக இருந்தால் பெரிய விரிசல், மெல்லியதாக இருந்தால் மயிரிழை. பிரஷை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். திரும்பத் தொட்டால் விரிசல் மூடிவிடும்.

படத்தில் மிக அழகாக வருவது இதுதான். மலையில் நான் கடைசியாகச் சிபாரிசு செய்வதும் இதுதான். மேல் பெயிண்ட் வேகமாகக் காய்ந்தால் மட்டுமே விரிசல் உண்டு. மூடுபனி நாளில் பசையும் பெயிண்டும் சேர்ந்து சோம்பிக் கிடக்கும். ஹேர் டிரையர் பிடித்து ஒப்பேற்றலாம். ஆனால் பெரிய பிரச்சினை அதற்குப் பிறகு. வெள்ளைப் பசை ஈரம் பட்டால் மறுபடி இளகும் குணமுள்ளது. விரிசல் வழியாக ஈரம் உள்ளே இறங்கினால், இரண்டு மழைக்காலத்துக்குள் மேல் பெயிண்ட் அப்பளமாகப் பெயரலாம். கடையில் விற்கிற ரெடிமேட் விரிசல் மீடியத்திலும் மேல்பூச்சைத் தவிர்க்க முடியாது.

அப்புறம், மரச்சாமான் இயல்பாகத் தேயும், உரியும். பலகை முழுக்க ஒரே சீராக வெடிப்பது அபூர்வம். முழு அலமாரிக்கும் இதைச் செய்தால் வறண்ட ஏரி மாதிரி இருக்கும்.

எப்போது இதுவே நல்லது: சட்டம், தட்டு, சின்னப் பெட்டி, இழுப்பறையின் முகப்பு மட்டும். மார்ச் வெயிலில் செய்ய வேண்டும், மேலே வார்னிஷ் வேண்டும்.

## பால் பெயிண்ட்

ஆடை நீக்கிய பாலை வினிகர் ஊற்றித் திரித்து, கட்டியை அலசி, நீற்றிய சுண்ணாம்போடு அரைத்து, நிறத்தூள் சேர்ப்பது. உலகின் மிகப் பழைய பெயிண்டுகளில் ஒன்று. வெறும் மரத்தில் ஊறிப் பிடித்துக்கொள்ளும். பழைய வார்னிஷ்மேல் ஒட்டாமல் தானாகவே உரியும், அதனால் தேய்க்கும் வேலையே இல்லை. கலந்த அன்றே தீர்த்துவிட வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் அவசியம்.

நாற்றம் இல்லாதது, இயற்கையானது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் பால் புரதம் பூஞ்சைக்கு உணவு. மழைக்காலத்தில் ஷூவிலும் பெல்ட்டிலும் பூஞ்சை பூக்கும் வீட்டில், கல்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரிக்குப் பால் பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கே உரியும் என்பதும் அதன் இஷ்டம்.

எப்போது இதுவே நல்லது: வெயில் வரும் அறையில், சுவரிலிருந்து தள்ளி நிற்கும் அலங்காரச் சாமான்; அதுவும் ஆளிவிதை எண்ணெயோ வார்னிஷோ மேலே பூசினால். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டோ தண்ணீரில் முக்கிவிட்டோதான் வீச வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | உப்புத்தாள் | மெழுகு | சாக் பெயிண்ட் + ஈரத்துணி | பசை விரிசல் | பால் பெயிண்ட் |
|---|---|---|---|---|---|
| பொருள் செலவு | மிகக் குறைவு | மிகக் குறைவு | வாங்கினால் அதிகம், கலந்தால் குறைவு | குறைவு | குறைவு |
| தூசி | அதிகம் | மிகக் குறைவு | இல்லை | இல்லை | சுண்ணாம்பைக் கலக்கும்போது மட்டும் |
| பழைய எனாமல்மேல் | நனைத்துத் தேய்த்தால் மட்டும் | மிகவும் ஏற்றது | பிசுக்கு போகக் கழுவினால் சரி | சுமார் | கண்டபடி உரியும் |
| மூடுபனிக் காலத்தில் | காத்திருப்பு நீளும் | சமாளிக்கலாம் | தேய்க்கச் சுலபம், இறுகத் தாமதம் | வேண்டாம் | வேண்டாம் |
| தேய்மானம் கையில் இருக்குமா | முழுக்க | ஓரளவு | நன்றாகவே | குறைவு | இல்லை |
| பிடிக்காவிட்டால் | தொட்டுப் பூசலாம் | மெழுகைத் துடைத்துப் பூசலாம் | எளிது | சுரண்ட வேண்டும் | சுரண்ட வேண்டும் |
| அன்றாட உழைப்பைத் தாங்குமா | நன்றாக | நன்றாக | மேல்பூச்சைப் பொறுத்தது | குறைவு | குறைவு |

## எந்த முறையானாலும் வரும் செலவு: மேல்பூச்சு

பட்ஜெட்டில் இதை மறந்துவிடுகிறார்கள். ஹோம்ஸ்டே என்றால் மங்கலான தண்ணீர் வார்னிஷ் இரண்டு கோட் என் தேர்வு. பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு உறுதியானதுதான், ஆனால் அதோடு கலக்கும் ஹார்டனர் காற்றிலுள்ள ஈரத்தோடும் வினைபுரியும். மூடுபனி நாளில் அடித்தால் குமிழ் விடும். ஷெல்லாக் என்ற அரக்கு பாலிஷ், லேக்கர் இரண்டும் ஈரத்தில் வெண்புகை படிந்தாற்போல் வெளுக்கும். எண்ணெய் வார்னிஷ் நாளாக ஆக மஞ்சளடிக்கும். கிரீம் நிறத்துக்கு அது நல்லதே, வெளிர் நீலத்தைப் பச்சையாக்கிவிடும்.

காயவில்லை என்று சாமானைக் கணப்புப் பக்கம் தள்ளி வைப்பது மலை வீடுகளில் சகஜம். டர்பன்டைனும் தின்னரும் ஆவியாகும் அறையில் திறந்த நெருப்போ, சுருள் ஹீட்டரோ இருக்கக் கூடாது. வெயில் விழும் கண்ணாடி வராந்தா இருந்தால் அதைவிடச் சிறந்த உலர்கூடம் கிடையாது.

## எங்கே தேய வேண்டும்

முறை எதுவானாலும், தேய்மானம் தவறான இடத்தில் இருந்தால் குட்டு உடைந்துவிடும். பலகையின் நட்டநடுவில் யாரும் உரசுவதில்லை. இழுப்பறையின் கைப்பிடியைச் சுற்றி, கீழ் உதட்டில், நாற்காலியின் முன்விளிம்பில், கால் வைத்து உட்காரும் முன்சட்டத்தில், விளக்குமாறும் மாப்பும் இடிக்கும் காலடியில், அலமாரிக் கதவு மூடும்போது உரசும் ஓரத்தில் தேயவிடுங்கள். இரண்டு கைப்பிடி இருந்தால் வலதுபக்கத்தில் சற்று அதிகம், ஏனென்றால் நம்மில் பலர் வலது கைக்காரர்கள். நாலு மூலையையும் ஒரே அளவில் தேய்ப்பது கடைச் சரக்கு.

நிறத்துக்கு வெளிநாட்டுப் படங்களைத் தேட வேண்டியதில்லை. மலை ரயில் பெட்டிகளின் நீலமும் கிரீமும் இருக்கிறது. கீழே நீலம், மேலே கிரீம் அடித்துத் தேய்த்தால் இந்த ஊர்ச் சாமானாகவே இருக்கும். அடி நிறத்துக்கும் மேல் நிறத்துக்கும் நல்ல வேறுபாடு இருக்கட்டும். வெள்ளைக்கு அடியில் சந்தன நிறம் வைத்தால் தேய்ந்தது அழுக்காகத்தான் தெரியும்.

## ஆளை வைத்துச் செய்வதென்றால்

நல்ல பெயிண்டர் இந்த வேலைக்கு முதலில் முகம் சுளிப்பார். தான் நேர்த்தியாக அடித்ததைத் தானே கெடுக்கச் சொல்வது எந்தத் தொழில்காரருக்கும் பிடிக்காது. "ஓரத்துல கொஞ்சம் தேய்ச்சு விடுங்கண்ணே" என்று மட்டும் சொன்னால் ஒன்று தொடவே மாட்டார், அல்லது எல்லா விளிம்பையும் ஒரே கோடாக உரித்து வைப்பார். தேய வேண்டிய இடங்களைச் சாக்பீஸால் நீங்களே குறித்துக் கொடுங்கள். ஒரு இழுப்பறையின் பின்பலகையில் மாதிரி செய்யச் சொல்லிப் பாருங்கள். நாள் கூலியா, சாமான் கணக்கா என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இந்த வேலையில் பாதி நாள் காயக் காத்திருப்பதிலேயே போகும். நாள் கூலி என்றால் மழைக்கும் நீங்கள்தான் பணம் கொடுப்பீர்கள். அடித்துக் காயவைப்பதை அவரிடம் விட்டுவிட்டு, தேய்ப்பதையும் சுரண்டுவதையும் வீட்டுக்காரர்கள் தாங்களே செய்துகொள்வது பெரும்பாலும் கட்டுபடியாகும். மேல்பூச்சுக்கு மட்டும் அவரை மறுபடி கூப்பிடலாம், வானம் வெளுத்திருக்கும் நாளாகப் பார்த்து.